முதல் ஆர்டருக்கு முந்தைய மாதங்கள்

வீட்டில் நன்றாகக் கேக் சுடும் பெண்ணைப் பார்த்து ஊர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவ்வளவு நல்லாச் செய்யிறியே, வித்தா என்ன?" அன்போடுதான் கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் டிசம்பர் மாதம் தெருவுக்குத் தெரு கேக் தட்டுகள் வீடு மாறிப் போகும்; நான் கொடுத்தனுப்பிய தட்டு திரும்பி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வரும். விற்கலாம் என்று நான் மனத்துக்குள் முடிவு செய்ததற்கும் முதல் ஆர்டரைக் கைநீட்டி வாங்கியதற்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம் போனது. அந்த வருடத்தில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது பலருக்கும் புரியவில்லை. "எப்பமும் யோசிச்சுக்கிட்டே இருந்தா எப்பம்மா தொடங்குறது?" என்று அத்தையே கேட்டார்கள். பயந்து தயங்குகிறாள் என்று சிலர் நினைத்தார்கள். எனக்கும் சில இரவுகளில் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

ஆயத்தமாவதும் தள்ளிப்போடுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கடை திறந்திருக்காது, பணம் வந்திருக்காது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு ஓர் அடையாளம் தெரியும். ஆயத்தமாகிற வாரம் முடியும்போது ஏதோ ஒரு கேள்விக்கு விடை கிடைத்து, அது நோட்டில் ஏறியிருக்கும். தள்ளிப்போடுகிற வாரத்தில் பழைய கேள்வியே இன்னும் கொஞ்சம் பெரிதாகிக் கிடக்கும். இந்த ஒன்றை மட்டும் வைத்துத்தான் என்னை நானே சோதித்துக்கொண்டேன்.

நோட்டில் முதலில் ஏறிய விடை எடை பற்றியது. கால் கிலோ மைதா, கால் கிலோ சர்க்கரை, கால் கிலோ வெண்ணெய், ஐந்து முட்டை. இது பழைய பட்டர் கேக் கணக்கு. கலவை ஒரு கிலோ வரும். ஆனால் ஓவனிலிருந்து ஒரு கிலோ வெளியே வராது. வேகும்போது ஈரம் ஆவியாகி, சுமார் பத்து சதவீதம் குறைந்துவிடும். வீட்டுக்குச் சுடும் காலத்தில் இது யாருக்கும் பொருட்டில்லை. ஒரு கிலோ என்று சொல்லிக் காசு வாங்குகிற நாளிலிருந்து அது நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம். எந்த டின்னில் எவ்வளவு ஊற்றினால் தராசு முழு எடையைக் காட்டும் என்று கண்டுபிடிக்கவே பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அடுத்தது ஓவன். எங்கள் வீட்டில் இருப்பது மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன். எட்டு அங்குல டின் ஒன்று வைத்தால் நிறைந்துவிடும். கால் மணி நேரம் சூடாக வேண்டும், ஐம்பது நிமிடம் வேக வேண்டும். கிரீம் பூசுவதென்றால் கேக் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இந்த ஊர் வெயிலில் அதற்கே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். மின்சாரம் ஒரு கேக்குக்கு ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக்கான விலைப்பட்டியலே மாறிவிடுகிறது. கேக்குக்காக ஓடிய மின்சாரம் குழந்தைகள் படுக்கும் அறையின் விசிறிச் செலவையும் சேர்த்து ஏற்றிவிடும். இதையெல்லாம் எழுதிப் பார்த்தபோது தெரிந்தது, ஒரு நாளில் நான் மூன்று கேக்குக்கு மேல் சுடக்கூடாது என்பது. சுட முடியாது என்று சொல்லவில்லை. விடிய விடியக் கண்விழித்தால் ஆறுகூட முடியும். ஆனால் அதே அடுப்படியில்தான் காலையில் இட்லி வேக வேண்டும், இரவு அத்தைக்குக் கஞ்சி வைக்க வேண்டும், பையனுக்கு டிபன் கட்ட வேண்டும்.

வீட்டுத் தொழிலுக்குத் திட்டமிடுவதன் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு வளரலாம் என்று கனவு காண்பது சுலபம். எவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்பதை ஆர்டர் ஒன்றுகூட வராத அமைதியான நாளிலேயே முடிவு செய்வதுதான் கடினம். ஆர்டர் வந்தபிறகு அதை முடிவு செய்யவே முடியாது. தெரிந்தவர் போனில் அழைத்து, "ஒண்ணே ஒண்ணுக்கா, சின்னதுதான்" என்று கேட்கும்போது மறுக்க நமக்கு வாய் வராது. முன்கூட்டியே எழுதி வைத்த எண்தான் அந்த நேரத்தில் நமக்காகப் பேசும்.

அந்த எண்ணை நான் தனியாகவும் முடிவு செய்யவில்லை. கடை வைப்பவர் கடைக்குப் போய் வேலை செய்கிறார்; நாமோ மற்றவர்கள் வாழும் இடத்துக்குள் தொழிலைக் கொண்டுவருகிறோம். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க வெண்ணெயும் கிரீமும் ஏறிக்கொண்டால், அத்தையின் மாவுப் பாத்திரம் எங்கே போகும்? மீன் குழம்பு வைக்கிற நாளில் ஸ்பாஞ்ச் ஆற வைக்க முடியுமா? (முடியாது. வெண்ணெய் பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் பிடித்துக்கொள்ளும்.) இவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசினோம். புதன், சனி இரண்டு நாளும் மீன் எடுப்பதில்லை, அந்த நாட்களில் மட்டும் கேக் என்று சொன்னது அத்தைதான். தன் வாயால் சொன்ன ஏற்பாடு என்பதால் அதை இன்றுவரை காத்து வருவதும் அவர்கள்தான்.

பிறகு காலண்டர். மேலை நாட்டுச் சமையல் புத்தகங்கள் சொல்லும் பருவங்கள் இங்கே உதவாது. நம் ஊரில் கேக் வியாபாரத்தை நடத்துவது தினசரி காலண்டர்தான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. நிச்சயதார்த்தக் கேக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஆவணியில் ஒரே நாளில் மூன்று பேர் கேட்பார்கள். புரட்டாசியில் பாதி வீடுகளில் முட்டையைத் தொடமாட்டார்கள். பிள்ளையின் பிறந்தநாள் அந்த மாதம் வந்தால் முட்டை சேர்க்காத கேக் வேண்டும். கார்த்திகையில் வீட்டில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தால் அப்போதும் அப்படித்தான். ஆகவே புரட்டாசிக்கு முன்பே தயிரிலும் பாலிலும் செய்யும் கேக் கைக்கு வந்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டிய மாதம் ஆடி. நாமக்கல்லில் முட்டை விலை புரட்டாசியில் இறங்குவதும், பனிக்காலம் நெருங்கும்போது ஏறுவதும் வழக்கமாகப் பார்ப்பதுதான். நமக்கு முட்டை அதிகம் தேவைப்படும் டிசம்பரில்தான் விலையும் உயர்ந்து நிற்கும். இதை அறிந்தவள் கிறிஸ்துமஸ் விலையை அக்டோபர் முட்டை விலையில் கணக்குப் போடமாட்டாள். சித்திரை, வைகாசி வெயிலில் கிரீம் கேக்கைப் பைக்கில் கொண்டு போய்ச் சேர்க்க முடியாது. வெண்ணெய் உடல் சூட்டுக்கும் குறைவான வெப்பத்திலேயே இளகிவிடும். அந்த இரண்டு மாதமும் டீ கேக், பிஸ்கட், தூத்துக்குடிக்காரர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த முந்திரி மக்ரூன் என்று எழுதிக்கொண்டேன். மக்ரூனில் சேர்வது முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் மட்டுமே. காற்றுப் புகாத டப்பாவில் இருந்தால் வெயில் அதை ஒன்றும் செய்யாது. மஞ்சள் கருவை வீணாக்காமல் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

பொறுத்திருப்பதைப் பற்றி எனக்கு யாரையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது பிளம் கேக். தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் 1883இல் ஓர் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் கொடுத்து, இதைப்போல் செய்து தா என்று கேட்டதாகவும், நம் நாட்டுக் கிறிஸ்துமஸ் கேக் அங்கே தொடங்கியதாகவும் சொல்வார்கள். அதன் வேலை டிசம்பரில் தொடங்குவதில்லை. உலர்ந்த திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், பப்பாளிக் காயிலிருந்து செய்யும் டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் செப்டம்பரிலேயே நறுக்கி ரம்மில் ஊறப்போட வேண்டும். ரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆரஞ்சுச் சாறில் ஊறவைக்கலாம்; ஆனால் அது ஃப்ரிட்ஜில் சில நாட்கள்தான் தாங்கும், சுடுவதற்கு முந்தைய வாரத்தில்தான் போட வேண்டும். ஆகவே எத்தனை பேருக்கு ரம், எத்தனை பேருக்குச் சாறு என்பதும் முன்பே தெரிந்தாக வேண்டும். எத்தனை கிலோ ஊறவைக்கிறோமோ அதற்கு மேல் டிசம்பரில் யார் கேட்டாலும் சுட முடியாது. அவ்வப்போது கண்ணாடிப் பரணியைத் திறந்து கிளறி விடுவதைத் தவிர நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேலை நடந்துகொண்டுதான் இருக்கும், நம் கையால் இல்லாமல்.

அரசாங்கப் பதிவு பலர் பயப்படும் அளவுக்குச் சிரமமானதில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வீட்டில் செய்து விற்பவர்களும் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தால் பதினான்கு இலக்க எண் ஒன்று கிடைக்கும். பாக்ஸில் ஒட்டும் லேபிளில் அந்த எண் இருக்க வேண்டும். முட்டை சேர்ந்த கேக் சட்டப்படி அசைவம். பச்சைப் புள்ளி போடக்கூடாது. கோதுமை, பால், முட்டை, கொட்டைப் பருப்பு வகை எது சேர்ந்திருந்தாலும் எழுத வேண்டும். முந்திரி ஒத்துக்கொள்ளாத ஒரு குழந்தையின் தாய்க்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய நிம்மதி!

அதைவிடக் கடினமாக இருந்தது விலை. மாவு, வெண்ணெய், முட்டை, மின்சாரம், பாக்ஸ், பெட்ரோல் எல்லாம் எழுத வந்தது. என் நேரம் என்ற வரியில் மட்டும் பேனா நின்றுவிட்டது. அம்மாவும் அத்தையும் ஆயுள் முழுக்கச் சமைத்த நேரத்துக்கு யாரும் விலை எழுதியதில்லை. நான் எழுதினால் பேராசையாகத் தெரியுமோ என்று இருந்தது. என் கணவர்தான் சொன்னார், "நீ ஆளை வச்சுச் செஞ்சா அவளுக்குக் கூலி தருவியா மாட்டியா?" தருவேன் என்றேன். அந்தக் கூலியை எழுதினேன். அது ஏறிய விலையைக் கேட்டுச் சிலர் போய்விட்டார்கள். பலர் இருந்தார்கள்.

இன்னொரு வரியும் அந்த மாதங்களில்தான் எழுதினேன்: முன்பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், கேக் அவர்கள் கைக்குப் போகும்வரை அது நம் பணம் இல்லை. அந்த வரியின் அருமை பின்னால் ஒரு மழையில் தெரிந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த அந்த மழையை எங்கள் பக்கத்து ஜனங்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்துக்கு நடுவே நின்றது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, பால் இல்லை, பாலத்தைத் தாண்டிப் போக வழியில்லை. கிரீம் கேக் கேட்டிருந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் பேசி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் அப்படியே இருந்ததால் குரல் நடுங்காமல் பேச முடிந்தது. பிளம் கேக்குகள் மாதத் தொடக்கத்திலேயே சுட்டு, சுற்றி, டப்பாக்களில் இருந்தன. அவற்றில் சில விற்பனைக்குப் போகவில்லை. சிந்துபூந்துறைப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்து எல்லாம் போனவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனவர்களிடம் கொடுத்துவிட்டோம். வெள்ளம் வரும் என்று நான் திட்டமிடவில்லை. ஆனால் ஒன்றைக் கடைசி நாளுக்கு விடாமல் செய்து வைத்திருந்தபோது, மற்றவர்களுக்காக யோசிக்க மனத்தில் இடம் இருந்தது.

இதைப் படிக்கும் எல்லாருக்கும் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் வீட்டில் மாதச் சம்பளம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்த வருடத்தை எனக்குத் தந்தது அதுதான். அடுத்த மாதப் பள்ளிக் கட்டணத்துக்காக இன்று சுட்டாக வேண்டிய பெண் எனக்குத் தெரிந்தே இருக்கிறாள். குக்கரில் கேக் சுட்டுத் தொடங்கினாள், பொறுத்திருக்க அவளுக்கு வழியில்லை. அவளிடம் நான் சொன்னது, ஒரு ராத்திரி போதும் என்பது. பிள்ளைகள் தூங்கியபின் உட்கார்ந்து, ஒரு கேக்குக்கு உண்மையில் என்ன செலவாகிறது, ஒரு நாளைக்கு எத்தனைக்கு மேல் செய்யமாட்டேன், யாருக்கும் எந்த விலைக்குக் கீழே தரமாட்டேன் என்பதை மட்டும் எழுதிவிடு. அவள் எழுதியதைப் பார்த்தேன். இரண்டாவது விடையில், "ஞாயிறு கோயிலுக்குப் போற நேரம் கிடையாது" என்று சேர்த்திருந்தாள். என் ஒரு வருடத்து நோட்டில் இதைவிட முக்கியமான வரி எதுவும் இல்லை.

இப்போது என்னிடம் இரண்டாவது ஓவன் வாங்கு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கினால் மூன்று ஆறாகும். ஆறானால் புதன், சனி போதாது. அத்தைக்கு முன்போல நிற்க முடியவில்லை, அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார்கள். ஓவனுக்கு இருக்கிற ஒரே இடமும் அந்த நாற்காலி இருக்கும் மூலைதான். பையனுக்கு வரும் வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. ஓவன் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சை நேரமான பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஆர்டர் எடுக்கமாட்டேன் என்று இப்போதே எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். மார்ச்சில் பேத்திக்கு முதல் பிறந்தநாள் வரும் வாடிக்கையாளர் ஒருவருக்கு, நன்றாகச் செய்யும் அந்தக் குக்கர் கேக்குக்காரியின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.