எதற்கு என்று கேட்காதவர்கள்

தெரிந்தவர் ஒருவரிடம் போய், "ஓர் உதவி செய்யுங்கள், ஐந்து முறை தண்டால் எடுங்கள்" என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? "எதற்கு?" என்று கேட்பார். கேட்கத்தானே செய்வார்? காரணம் தெரியாமல் யார் தரையில் கையூன்றிக் குனிவார்கள்? ஆனால் இன்னொருவரிடம் முதலில், "ஓர் ஆராய்ச்சியில் கலந்து கொள்கிறீர்களா?" என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகு தண்டால் எடுக்கச் சொல்லுங்கள். அவர் "எதற்கு?" என்று கேட்பதில்லை. "எங்கே?" என்றுதான் கேட்கிறார்.

இது என் கற்பனை அன்று. மார்ட்டின் ஆர்ன் என்ற மனோதத்துவ அறிஞர் 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார். 'எதற்கு' என்பதற்கும் 'எங்கே' என்பதற்கும் இடையில் இருக்கும் தூரம் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ அல்ல. அந்த இடைவெளிக்குள் ஒரு மனிதன் தன் சொந்த அறிவைக் கழற்றி வைத்துவிட்டு, பிறர் அறிவின் பொறுப்பில் தன்னை ஒப்படைத்துவிடுகிறான்.

அதே கட்டுரையில் இன்னும் விசித்திரமான செய்தி ஒன்று உண்டு. விழித்திருக்கும் மனிதன் எவனும் செய்ய மறுக்கக்கூடிய, அர்த்தமே இல்லாத ஒரு வேலை ஆர்னுக்குத் தேவைப்பட்டது. வசியத் துயிலில் இருப்பவன் செய்வதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அது வேண்டியிருந்தது. அவர் எண்கள் நிறைந்த தாள்களை அடுக்கி வைத்தார். ஒவ்வொரு தாளிலும் 224 கூட்டல் கணக்குகள். ஏறத்தாழ 2,000 தாள்கள். வந்தவரின் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக் கொண்டு, "செய்து கொண்டிருங்கள்; எப்போதாவது வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தரை மணி நேரம் சென்றது. பொறுமை இழந்தது கணக்குப் போட்டவர் அல்ல, ஆராய்ச்சி செய்தவர்தான்!

பிறகு வேலையை இன்னும் மோசமாக்கினார். ஒவ்வொரு தாளை முடித்ததும் ஓர் அட்டையை எடுத்துப் படிக்க வேண்டும். முடித்த தாளைக் குறைந்தது 32 துண்டுகளாகக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த தாளைத் தொடங்கும்படி அதில் எழுதியிருக்கும். எல்லா அட்டைகளிலும் அதே கட்டளைதான். அப்போதும் மனிதர்கள் மணிக்கணக்கில் கணக்குப் போட்டார்கள், கிழித்தார்கள், மறுபடி போட்டார்கள். ஏன் என்று பிறகு விசாரித்தபோது, தங்கள் சகிப்புத் தன்மையைச் சோதிக்கிறார்கள் என்று எண்ணியதாகவோ, அதைப்போல் வேறு ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நம்பியதாகவோ சொன்னார்கள்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடம் மிகவும் முக்கியமாகப் படுகிறது. வேலைக்கு அர்த்தம் இல்லை. ஆனால் செய்கிறவன் அதற்குத் தானே ஓர் அர்த்தத்தைத் தேடிக் கொடுத்துவிட்டான். 'படித்தவர்கள் சொல்கிறார்கள், காரணம் இல்லாமலா சொல்வார்கள்?' என்பது அவனுடைய எண்ணம். இதை அடிமைப் புத்தி என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இது ஒரு நம்பிக்கை. இளைஞர்கள் கல்வியின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை என்ன விலைக்குச் செலவழிக்கலாம் என்பதுதான் நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்.

*

அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் ஒரு பழக்கம் உண்டு. மனோதத்துவத்தின் தொடக்கப் பாடத்தில் சேரும் மாணவர்கள், அந்தப் பாடத்தின் ஒரு பகுதியாகச் சில மணி நேரம் ஆராய்ச்சிகளுக்கு வந்து உட்கார வேண்டும். அல்லது வந்து உட்கார்ந்தால் சில மதிப்பெண்கள் கூடுதலாகக் கிடைக்கும். ஆராய்ச்சியாளர்களுக்கு ஆள் தேட வேண்டிய கவலை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக் கணக்கில் புதியவர்கள் வருகிறார்கள். கூலி கொடுக்க வேண்டியதில்லை. மாடிப்படி ஏறி வந்தால் ஆராய்ச்சிசாலை.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தம் மனோதத்துவ ஆராய்ச்சிசாலையைத் தொடங்கியபோது, அங்கேயும் மாணவர்களே பரிசோதனைக்கு உட்கார்ந்தார்கள். ஆனால் இன்று உட்கார்ந்தவர் நாளை கருவியை இயக்குவார். இன்று கருவியை இயக்கியவர் நாளை உட்காருவார். தன் மனத்தில் நிகழ்வதைக் கவனித்துச் சொல்லும் அவருக்கு அந்த வேலையில் ஒரு மரியாதை இருந்தது. என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்பது அறையில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் அந்தச் சாஸ்திரம் பெரிதாக வளர்ந்தபோது இந்த இரண்டு நாற்காலிகளும் பிரிந்து போயின. ஒன்று அறிந்தவனுக்கு, மற்றது அறியாதவனுக்கு. அறியாதவனுக்கு ஆங்கிலத்தில் 'சப்ஜெக்ட்' என்ற பெயர் நிலைத்தது. மன்னனுக்குக் கீழ்ப்பட்ட பிரஜைக்கும் அந்த மொழியில் அதே சொல்தான். 1994-ல்தான் அமெரிக்க மனோதத்துவச் சங்கம் தன் நடைக் கையேட்டில், அந்தச் சொல்லுக்குப் பதிலாகப் 'பங்கேற்பவர்' என்ற பொருள் தரும் சொல்லை எழுதும்படி ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தியது. பெயர் மாறியது நல்லதுதான். நாற்காலி மாறியதா என்பது வேறு கேள்வி.

*

இந்தப் பழக்கத்தில் என்ன தவறு என்று நியாயமாகவே கேட்கலாம். பெரும்பாலான ஆராய்ச்சிகள் யாருக்கும் தீங்கு செய்யாதவை. சொற்களை நினைவில் வைத்துத் திரும்பச் சொல்வது, படங்களைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது, வினாத்தாளை நிரப்புவது, இவ்வளவுதான். அரை மணி நேரம் போகும். மனோதத்துவம் படிக்க வந்தவன் ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று நேரில் பார்ப்பது கல்வியும் ஆகும். மருத்துவக் கல்லூரி மாணவன் சவ அறைக்குப் போவதில்லையா? மேலும், மனிதர்கள் உட்கார மறுத்தால் மனித மனத்தைப் பற்றிய அறிவு எங்கிருந்து வரும்?

இவை வெறும் சாக்குகள் அல்ல, நல்ல வாதங்கள். தீங்கு இல்லை என்பதை ஒப்புக் கொள்ளலாம். ஆனால் தீங்கு இல்லாத செயலுக்கும் சம்மதம் தேவை அல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் நம் குடையை எடுத்துப் போய்ப் பத்திரமாகத் திருப்பி வைத்தாலும், கேட்டு எடுத்தாரா என்று நாம் பார்க்கத்தான் செய்கிறோம். மாணவனிடம் கேட்கத்தான் கேட்கிறார்கள். தாளில் கையெழுத்தும் வாங்குகிறார்கள். கேட்கிறவர் யார் என்பதில்தான் சங்கடம் இருக்கிறது. மதிப்பெண் போடும் கையே வேண்டுகோளையும் நீட்டுகிறது. 'மாட்டேன்' என்று சொல்ல மாணவனுக்கு உரிமை இருக்கிறது என்று விதி சொல்லலாம். அந்த உரிமையைப் பயன்படுத்த அவனுக்குத் துணிவு இருக்கிறதா என்று விதிக்குத் தெரியாது.

'மாட்டேன்' என்ற சொல்லுக்கு விலை வைத்துவிட்டால், 'சரி' என்ற சொல்லுக்கு மதிப்புப் போய்விடுகிறது. நான் சொல்ல வந்தது இது ஒன்றைத்தான்.

*

இதன் கடைசி எல்லையை 1971-ல் கலிபோர்னியாவில் பார்த்தார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக் கழகப் பேராசிரியர் பிலிப் ஜிம்பார்டோ, நாளொன்றுக்கு 15 டாலர் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து 24 கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார். சிலர் கைதிகள், சிலர் காவலர்கள். பல்கலைக் கழகக் கட்டடத்தின் நிலவறையே சிறை. இரண்டு வாரம் நடக்க வேண்டிய ஆராய்ச்சியை ஆறே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. காவலர்கள் கொடுமைக்காரர்களாக மாறியதைத்தான் உலகம் அதிகம் பேசியது. காவலர்களுக்கு எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பதைப் பிற்காலத்தில் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் எடுத்துக் காட்டி, அந்த முடிவையே கேள்விக்கு உள்ளாக்கினார்கள்.

அந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் உறுத்துவது காவலர்கள் அல்ல. ஜிம்பார்டோவே எழுதிய மற்றொரு காட்சி. கைதிகளை ஒரு குழுவின் முன் நிறுத்தி, விடுதலை கிடைத்தால் சம்பாதித்த பணத்தை விட்டுக் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் விட்டுக் கொடுக்கிறோம் என்றார்கள். கவனியுங்கள்: அவர்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் அந்தப் பணம். பணம் வேண்டாம் என்று சொன்ன கணமே எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் 'உங்கள் வேண்டுகோளைப் பரிசீலிக்கிறோம். அறைக்குப் போங்கள்' என்றதும் அவர்கள் எழுந்து, விலங்கு மாட்டிக்கொள்ளக் கைகளை நீட்டினார்கள். போகிறேன் என்று சொல்லலாம் என்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது. தொடங்கும்போது சொன்ன 'சரி'யைத் திரும்பப் பெற்றுக் கொள்ளலாம் என்று அந்த நேரத்தில் யாரும் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் ஆராய்ச்சி முடிந்து போயிருக்கும்!

இது விபரீதமான உதாரணம்தான். அரை மணி நேர வினாத்தாளை இதனோடு சேர்த்து வைப்பது அநியாயம் என்பீர்கள். தீங்கின் அளவில் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் உயிருக்கு உயிராக இரண்டிலும் இருப்பது ஒன்றுதான். எழுந்து போகலாம் என்று தெரிந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞனின் பணிவு.

*

சரி, அறமாவது ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையாவது கிடைத்ததா? அதையும் பார்க்க வேண்டும். மனித நடத்தையைப் பற்றிய சாஸ்திரம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கல்லூரி மாணவர்களின் நடத்தையைப் பற்றிய சாஸ்திரமே என்ற பொருளில் குவின் மக்நெமார் என்பவர் 1946-லேயே குறைப்பட்டுக் கொண்டார். அறுபது ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அமெரிக்க மனோதத்துவச் சங்கத்தின் ஆறு முக்கியப் பத்திரிகைகளில் 2003 முதல் 2007 வரை வெளிவந்த ஆராய்ச்சிகளை ஜெப்ரி ஆர்னெட் எண்ணிப் பார்த்து 2008-ல் வெளியிட்டார். பரிசோதிக்கப்பட்டவர்களில் 68 சதவீதம் அமெரிக்கர்கள். 96 சதவீதம் மேலை நாட்டினர். உலக மக்கள் தொகையில் மிகச் சிறிய பகுதியான அவர்களைப் பார்த்துவிட்டு 'மனிதன் இப்படித்தான்' என்று எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு கோடுகளை வரைந்து, ஒன்றின் முனைகளில் உள்நோக்கிய அம்புக் குறிகளும் மற்றதன் முனைகளில் வெளிநோக்கிய குறிகளும் போட்டால், சம நீளமான கோடுகள் நீளத்தில் வேறுபட்டவைபோல் தோன்றும். கண் செய்யும் மாயம் எல்லா மனிதருக்கும் பொது என்றுதான் எண்ணியிருந்தார்கள். 1966-ல் பல தேச மக்களைச் சோதித்து வெளியிட்ட ஆராய்ச்சி வேறு விதமாகச் சொன்னது. மிக அதிகமாக ஏமாந்தவர்களில் முன்னால் நின்றவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். கலஹாரி பாலைவனத்தில் வேட்டையாடி வாழும் சான் மக்களோ அநேகமாக ஏமாறவே இல்லை. நேர்க் கோடுகளும் மூலைகளும் நிறைந்த அறைகளில் வளர்ந்த கண்ணுக்கும், திறந்த வெளியில் வளர்ந்த கண்ணுக்கும் உள்ள வேறுபாடாக அது இருக்கலாம் என்று அந்த ஆசிரியர்கள் விளக்கினார்கள். விளக்கம் எதுவானாலும், ஒரு கோட்டின் நீளத்திலேயே இவ்வளவு வேற்றுமை இருந்தால், அன்பிலும் கோபத்திலும் நீதியிலும் எவ்வளவு இருக்கும்!

இங்கே அறத்தின் குறையும் அறிவின் குறையும் ஒரே வேரிலிருந்து முளைத்திருப்பதைக் காணலாம். மறுக்க முடியாதவன் அருகில் இருந்தான், அவனைக் கூப்பிட்டார்கள். அவனைக் கேட்டது அவன் தகுந்தவன் என்பதால் அல்ல, கைக்கு எட்டியவன் என்பதால். அதனாலேயே அவனுக்கும் முழு மரியாதை கிடைக்கவில்லை. உலகத்துக்கும் முழு உண்மை கிடைக்கவில்லை. அதோடு, ஆசிரியருக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆவலோடு உட்கார்ந்திருப்பவனின் பதில், அவன் மனத்தின் பதிலா, ஆசிரியரின் எதிர்பார்ப்பின் எதிரொலியா? ஆர்ன் அன்று எழுப்பிய ஐயம் இதுதான்.

1979-ல் அமெரிக்க அரசாங்கத்துக்காக எழுதப்பட்ட பெல்மாண்ட் அறிக்கை இதை உணர்ந்திருந்தது. எளிதில் கிடைக்கிறார்கள், எளிதில் இணங்குவார்கள் என்பதற்காக ஒரு கூட்டத்தாரையே திரும்பத் திரும்ப ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுப்பது நீதி ஆகாது என்பது அதன் கருத்துகளில் ஒன்று. ஆராய்ச்சிக்கு வர விரும்பாத மாணவனுக்கு, அதே மதிப்பெண்ணுக்குச் சமமான வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று மனோதத்துவச் சங்கத்தின் ஒழுக்க விதியும் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அரை மணி நேரம் உட்காருவதற்கு ஈடாகப் பத்துப் பக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் அந்த 'வேறு வேலை' ஒரு தண்டனைதான். விதியைக் காப்பாற்றிக் கொண்டே அதன் உயிரைக் கொன்றுவிடலாம்.

2005-க்குப் பிறகு, கணிப்பொறி வழியே கூலிக்கு ஆள் சேர்க்கும் சந்தைகள் தோன்றி, ஆராய்ச்சியாளர்கள் பலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மாணவன் தப்பினான் என்று மகிழலாமா? மதிப்பெண்ணுக்கு அஞ்சியவனின் இடத்தில் காசுக்கு ஏங்குகிறவன் வந்து உட்கார்ந்தால் 'சரி'யின் மதிப்பு உயர்ந்துவிடுமா? ஆள் மாறுவதால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

*

அப்படியானால் மாணவனைக் கேட்கவே கூடாதா? கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது மதிப்பெண் போடும் ஆசிரியருக்குத் தெரியாதபடி ஏற்பாடு செய்யட்டும். மாற்று வேலை உண்மையிலேயே அதே அளவுள்ளதாக இருக்கட்டும். பாதியில் எழுந்து போகிறவனுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கட்டும். எல்லாம் முடிந்த பிறகு அவனை எதிரே உட்கார வைத்து, 'இதைத்தான் தேடினோம். இதனால்தான் முதலில் சொல்லவில்லை. உன் பதில் இந்த இடத்தில் பயன்படும்' என்று ஒரு மனிதனிடம் பேசுவதுபோல் சொல்லட்டும். இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கொஞ்சம் வசதி குறையும். சில நாற்காலிகள் காலியாக இருக்கும்.

காலியாக இருக்கட்டுமே! மீதி நாற்காலிகளில் இருப்பவர்கள் விரும்பி வந்தவர்களாக இருப்பார்கள். மனிதனுக்குப் பயன்பட வேண்டும் என்ற ஆசை இளமையில் இயல்பாகவே நிறைய இருக்கிறது. 2,000 தாள்களுக்கு முன்னால் அலுக்காமல் உட்கார்ந்தவனிடம் இருந்ததும் அந்த ஆசையின் ஒரு பகுதிதான். அதைப் பறித்துக் கொள்ளத் தேவையில்லை, கேட்டால் கிடைக்கும்.

பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நாமும் இதில் எண்ணிப் பார்க்க ஏதோ இருக்கிறது. பெரியவர்கள் சொன்னால் கேட்டுக் கொள் என்று சொல்லியே அவர்களை வளர்க்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் மரியாதை குறையாமல், குரல் உயராமல் "எதற்கு?" என்று கேட்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? அந்தக் கேள்வியைக் கேட்டுக் கோபப்படாமல் பதில் சொல்லும் ஆசிரியரிடம், அவர்கள் எந்த ஆராய்ச்சிக்கும் தைரியமாகப் போய் உட்காரலாம்.