பனியில்லாத கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்ததும் சிட்னியின் கடைகளில் மாம்பழமும் செர்ரியும் குவிந்துவிடும். பண்டிகைக்கு முன் அந்நகரின் மீன் சந்தை 36 மணி நேரம் கதவடைக்காமல் இறால் விற்கும். நியூசிலாந்துக் கடலோரங்களில் பொஹுடுகாவா மரங்கள் சிவக்கச் சிவக்கப் பூத்து நிற்கும். அங்கே அதுதான் கிறிஸ்துமஸ் மரம். ஆனாலும் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பஞ்சுப்பனி தூவியிருக்கும். கம்பளி அங்கிக்குள் கிறிஸ்துமஸ் தாத்தா வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இது வெறும் வேடிக்கையா? இல்லை, இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது: கிறிஸ்துமஸுக்குக் குளிரும் இருட்டும் தேவையா? இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று விவிலியம் சொல்வதில்லை. டிசம்பர் 25 நமக்குக் கிடைப்பது நான்காம் நூற்றாண்டு உரோமை நகரின் பதிவு ஒன்றிலிருந்து. பகல் மிகக் குறுகிய நாளை ஆண்டவர் தேர்ந்தது ஏன் என்று புனித அகுஸ்தினார் பிரசங்கத்தில் விளக்கினார்: அன்றிலிருந்துதான் ஒளி வளரத் தொடங்குகிறது. அழகான விளக்கம்தான். ஆனால் பூமியின் வடபாதிக்கு மட்டுமே பொருந்தும். தெற்கே டிசம்பருக்குப் பின் பகல் தேய்கிறது. அகுஸ்தினாரின் கணக்கை மெல்பர்னுக்குக் கொண்டுபோனால், ஒளி வளரும் பெருமை ஜூன் 24-இல் பிறந்தநாள் காணும் திருமுழுக்கு யோவானுக்குப் போய்விடும். 'அவர் பெருக வேண்டும், நான் குறைய வேண்டும்' என்ற கருத்தைச் சொன்னவரே யோவான்தான்!

சிட்னிக்கு மேற்கே நீல மலைப் பகுதி விடுதிகளில் குளிர்காலத்தில், ஜூலையையொட்டி, இன்னொரு கிறிஸ்துமஸ் விருந்து நடக்கிறது. குளிருக்கு ஏங்குவோருக்கு அது போதும். விசுவாசத்துக்கு அது தேவையில்லை.

ஏனெனில் லூக்காவின் பிறப்புக் கதை பருவநிலையில் தொடங்கவில்லை, ஓர் அரசாணையில் தொடங்குகிறது: அகுஸ்து சீசர் குடிமதிப்பு எடுக்கக் கட்டளையிட்டார். அன்றைய தலைப்புச் செய்தி அதுதான். மத்தேயுவில் ஏரோதின் கொலைவெறி வருகிறது, குழந்தையோடு எகிப்துக்குத் தப்பியோடும் குடும்பம் வருகிறது. கொல்லப்பட்ட பிள்ளைகளைத் திருச்சபை டிசம்பர் 28-லேயே நினைவுகூர்கிறது. பண்டிகை மகிழ்ச்சி கெடுமே என்று தள்ளிவைக்கவில்லை.

'இந்த ஒருநாளாவது செய்தியை அணைத்து வையுங்கள்' என்று சொல்பவர்களின் களைப்பு புரிகிறது. ஆனால் தெற்கில் செய்தி அணைய மறுக்கிறது. அங்கே கோடையென்றால் காட்டுத்தீயும் புயலும் சேர்ந்ததுதான். 1974 கிறிஸ்துமஸ் விடிவதற்குள் டிரேசி புயல் டார்வின் நகரைத் தரைமட்டமாக்கியது. 2019 டிசம்பர் 18 அன்று ஆஸ்திரேலியா முழுமைக்குமான சராசரி உச்ச வெப்பநிலை 41.9 டிகிரி. மறுநாள் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இருவர் பணியில் இறந்தார்கள். ஹவாயில் விடுமுறையில் இருந்த பிரதமர் ஸ்காட் மோரிசன் கடும் கண்டனத்துக்குப் பிறகு திரும்பிவந்தார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்றும் தீயணைப்புப் படையினர் பலர் களத்தில்தான் இருந்தார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது 1953. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, நியூசிலாந்தின் ருவாப்பேஹு எரிமலையின் வாய் ஏரி உடைந்து, சேற்று வெள்ளம் டாங்கிவாய் ரயில் பாலத்தைச் சிதைத்தது. வெலிங்டனிலிருந்து ஆக்லாந்து சென்ற ரயில் ஆற்றில் விழுந்தது. இறந்தோர் 151 பேர். அரசி எலிசபெத் அப்போது ஆக்லாந்தில் இருந்தார். கிறிஸ்துமஸ் உரையை அங்கிருந்தே ஒலிபரப்பி, அதன் முடிவில் அந்தத் துயரத்துக்கு ஆறுதல் சொன்னார். விபத்தில் காதலியை இழந்த நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் பாப் பிளேர், ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் கடைசி ஆளாகக் களமிறங்கி மட்டை பிடித்தார். பிறப்புச் செய்தியும் இறப்புச் செய்தியும் ஒரே நாளில் ஒரே வானொலியில் வந்தன. அதனால் அரசியின் வாழ்த்து பொய்யாகிவிடவில்லை.

குளிரும் இருட்டும் பண்டிகைக்கு உடை மட்டுமே. தெற்கத்திய வெயில் அதைக் கழற்றிவிடுகிறது, அவ்வளவுதான். தீயணைப்பு வீரர்களையும் வீடிழந்தோரையும் அன்றைய மன்றாட்டில் சேர்க்கும் பங்குத்தந்தை, பஞ்சுப்பனி தூவும் கடைக்காரரைவிட லூக்காவுக்கு நெருக்கமானவர்.