அயலுக்கு ஒரு பாடசாலை: யாருக்காகக் கேட்கிறோம்?

உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கும் காலத்தில் எமது கதவுத் துவாரத்தால் வந்து விழும் துண்டுப் பிரசுரங்களில் மூன்று வாக்குறுதிகளை எல்லோரும் கண்டிருப்பீர்கள். குப்பை ஒழுங்காக அள்ளப்படும். வீதியிலுள்ள குழிகள் நிரப்பப்படும். இந்தப் பகுதிக்கு ஒரு புதிய இடைநிலைப் பாடசாலை, அதாவது வீட்டில் நாம் செக்கன்டரி ஸ்கூல் என்று சொல்வது, பெற்றுத் தரப்படும். முதல் இரண்டிலும் தர்ம விசாரம் எதுவும் இல்லை. எமது வீதியில் குப்பை அள்ளினால் பக்கத்து வட்டாரத்தில் குப்பை கூடிவிடப் போவதில்லை. மூன்றாவது அப்படியல்ல. புதிதாகத் திறக்கும் வகுப்பில் போய் இருக்கும் பிள்ளை, இல்லாவிட்டால் வேறொரு பாடசாலை வாங்கில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை. ஆகவே கவுன்சிலர் ஒருவர் தமது வட்டாரத்துக்கென்று பாடசாலை கேட்டுப் போராடுவது எந்த அளவுக்கு நியாயம், அவர் நீட்டும் மனுவில் நாம் எந்த மனத்தோடு ஒப்பமிடுவது என்ற கேள்வி எழவே செய்கிறது.

பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் இருக்கும்போது இத்தகைய மனுக்கள் கைக்குக் கை மாறி வருவது வழக்கமாகிவிட்டது. சிலர் வாசியாமலே ஒப்பமிடுகின்றனர். வேறு சிலர், "எங்கட பிள்ளையள் எல்லாம் பெரிசாகிவிட்டினம், எங்களுக்கு ஏன் இது?" என்று கடதாசியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகின்றனர். இரு சாராருக்குமாகவே இதனை எழுதுகிறோம்.

கவுன்சிலரால் என்ன செய்ய முடியும் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. தனது எல்லைக்குள் போதிய பாடசாலைகள் இருப்பதை உறுதிசெய்யும் கடமையை 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உள்ளூராட்சிச் சபையின் தலையில் வைத்தது. ஆனால் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், புதிய பாடசாலை தேவை என்று சபை கண்டால், அதனை அக்கடமியாக நடத்த முன்வரும் ஓர் அமைப்பையே சபை முதலில் தேட வேண்டியதாயிற்று. கடமை ஓரிடத்தில், அதிகாரம் இன்னோரிடத்தில். கூரை ஒழுகினால் பொறுப்பு வாடகைக்கு இருப்பவருக்கு, ஓடு மாற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு என்பது போன்ற ஏற்பாடு இது. வட்டாரக் கவுன்சிலரின் கையில் எஞ்சியிருப்பவை பிள்ளைகளைக் கணக்கெடுப்பது, காணி தேடுவது, பெற்றாரைத் திரட்டுவது, அமைச்சின் கதவைத் தட்டுவது என்பவையே. அவருக்குப் பேச்சுத்தான் மூலதனம். ஆகவே அவர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைக் கொண்டே அவரை அளக்க வேண்டியிருக்கிறது.

உதாரணத்துக்குத் தென்கிழக்கு இலண்டனில் ஈஸ்ட் டலிச் பகுதியில் நடந்ததைப் பார்ப்போம். டலிச் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, எட்வேர்ட் அலெயின் என்ற நாடக நடிகர் 1619இல் நிறுவிய தர்மமும், அதிலிருந்து கிளைத்த டலிச் கல்லூரி முதலான மூன்று கட்டணப் பாடசாலைகளும்தான். பன்னிரண்டு ஏழை மாணவரைப் படிப்பிக்கவென்று தொடங்கிய தர்மம் அது. இன்று அந்தப் பாடசாலைகளின் பரந்த புல்வெளிகளைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே பல பிள்ளைகள் வேறு பாடசாலைகளுக்குப் போகின்றனர்.

அரசாங்கப் பாடசாலைகள் அங்கு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என ஈஸ்ட் டலிச்சின் பெயரிலேயே இரண்டு ஹாரிஸ் அக்கடமிகள் இருந்தன. சற்று அப்பால், 2000ஆம் ஆண்டில் பெற்றார் போராடிப் பெற்ற சார்ட்டர் ஸ்கூல் என்ற கலவன் பாடசாலை இருந்தது. அதில் இடம் கிடைப்பது பின்னர் மிக அரிதாயிற்று. மகனும் மகளும் ஒன்றாக நடந்து போகக்கூடிய இன்னொரு கலவன் பாடசாலை வேண்டும் என்று பெற்றாரும் கவுன்சிலர்களும் குரல் எழுப்பினர். விக்டோரியா மகாராணி காலத்து டலிச் வைத்தியசாலையின் வளவைச் சுட்டிக் காட்டினர். 2015இல் அரசின் அனுமதி கிடைத்து, 2016 செப்டெம்பரில் தற்காலிக இடமொன்றில் சார்ட்டர் ஸ்கூல் ஈஸ்ட் டலிச் திறக்கப்பட்டு, பின்பு வைத்தியசாலை வளவுக்குக் குடிபெயர்ந்தது. வளவின் ஒரு பகுதியில் சுகாதார நிலையம் ஒன்றும் 2020இல் திறக்கப்பட்டது. நோயாளரின் காணியை முற்றாகப் பிடுங்காமல் பங்கிட்டுக்கொண்டது எமக்குப் பிடித்த விஷயம்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. "எமது பகுதியில் பாடசாலை இல்லை" என்று ஒரு பிரசுரம் கூறும்போது அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்பது ஒன்று. இருக்கும் பாடசாலை நமக்கு உவப்பாயில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது பொய்யான குறை என்று நாம் கூறவில்லை. மகளுக்கு ஒரு பாடசாலை, மகனுக்கு இன்னொன்று என்று காலையில் இரு திசையில் அனுப்பும் தாயின் சிரமம் உண்மையானதே. ஆனால் முதலாவதை நிரூபிக்கப் புள்ளிவிபரம் வேண்டும். இரண்டாவதைத் தீர்க்கப் புதிய கட்டடந்தான் வழி என்றில்லை. இரண்டையும் ஒரே வசனத்தில் கலந்துவிடுகிற கவுன்சிலர் வாக்குகளைப் பெறலாம். அயல் பாடசாலையில் பாடுபடும் ஆசிரியர்களுக்கு அவர் நீதி செய்தவராக மாட்டார். சொந்தக் கவுன்சிலரே "அங்கே ஒன்றுமில்லை" என்று சொன்ன பாடசாலைக்கு எந்தப் பெற்றார் மனமுவந்து பிள்ளையை அனுப்புவார்?

இனிக் காலக் கணக்குக்கு வருவோம். மனுவில் ஒப்பமிடும் தாயின் மகனுக்கு ஒன்பது வயது என்று வைத்துக்கொள்வோம். அனுமதி, காணி, கட்டடம் என்று ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டால் மகனுக்கு வயது பதினான்கு. அவன் வேறெங்கோ படித்துக்கொண்டிருப்பான். புதிய பாடசாலைகள் பெரும்பாலும் பதினொரு வயதுப் பிள்ளைகளின் ஒரே ஒரு வகுப்பாண்டுடன் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக வளர்வதால், அவனுக்கு அங்கே இடமே இராது. ஆக, தன் பிள்ளைக்கென்று நினைத்துக் கேட்டவர், உண்மையில் இன்னும் பால் குடித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருடைய பிள்ளைக்காகவே கேட்டிருக்கிறார். இது தெரிந்ததும் பலர் சோர்ந்துபோவர். எமக்கோ, மனுவின் சிறப்பே இதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. பிள்ளைகள் பெரிசாகிவிட்டார்கள் என்று கடதாசியைத் தள்ளிவிடும் அன்பருக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. ஒன்பது வயது மகனின் தாயைவிட அவர் எவ்விதத்திலும் தகுதி குறைந்தவரல்லர்.

எம்மில் பலர் இவ்வாறான கொடையால் படித்தவர்கள்தான். இலங்கையில் கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த 1940களில், நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு வர வசதியற்ற பிள்ளைகளை எண்ணி ஊர்ப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் அமைக்கப்பட்டன. 1945இல் இலவசக் கல்வியும் வந்தது. அன்று அதற்கு ஆதரவாகக் கை உயர்த்தியவர்களின் பிள்ளைகளில் பலர் ஏற்கனவே நல்ல கல்லூரிகளில் இருந்தவர்கள்.

இலண்டனுக்கே திரும்புவோம். எம்மவர் வீடுகளில் பதினொரு வயதுப் பரீட்சை படுத்தும் பாடு எல்லோருக்கும் தெரியும். ரூட்டிங், குறொய்டன் பக்கத்துப் பெற்றார் சட்டன், கிங்ஸ்டன் கிராமர் ஸ்கூல்களைக் குறிவைத்து எட்டு வயதிலேயே ரியூஷன் தொடங்கிவிடுகின்றனர். அவற்றுள் ஒன்றான வில்சன்ஸ் பாடசாலையின் கதை பலருக்குத் தெரியாது. அது 1615இல் நிறுவப்பட்டது சட்டனில் அல்ல. ஈஸ்ட் டலிச்சுக்கு அடுத்த கம்பர்வெலில். 1975இல்தான் அது பெயரையும் புகழையும் எடுத்துக்கொண்டு சட்டனுக்கு இடம்மாறியது. பாடசாலை போய்விட்டது, கம்பர்வெல் பிள்ளைகள் கம்பர்வெலிலேயே இருந்தனர். இன்று எமது பிள்ளைகள் ரெயிலேறி அப்பாடசாலைக்குப் போவதில் குற்றமொன்றும் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பெற்றார் வழிதேடுவது இயல்பு. ஆனால் தம் பிள்ளையை எட்டு மைல் அப்பால் அனுப்பிவிட்டதால் அயலிலுள்ள பாடசாலை தமக்குச் சம்பந்தமில்லாதது என்று எண்ணுவதை ஏற்க முடியவில்லை. பரீட்சையில் தவறிய பிள்ளை எங்கே போகிறது? அயல் பாடசாலைக்குத்தானே? அதே வீட்டில் அண்ணன் கிராமர் ஸ்கூலிலும் தம்பி அயல் பாடசாலையிலும் படிக்கும் குடும்பங்கள் எமது சங்கத்திலேயே பல உண்டு.

அயல் என்றால் எதுவரை என்பதும் எளிதான கேள்வியல்ல. கிறினிச் சபை தனது எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளுக்கே தனது பாடசாலைகளில் முதலிடம் என்று வைத்திருந்தபோது, பக்கத்து லூயிஷம் பெற்றார் அதனை எதிர்த்தனர். ஒரு சபை தன் எல்லைக்கு அப்பால் வசிப்பவர் என்ற காரணத்துக்காக மட்டும் பிள்ளையைப் பின்தள்ள முடியாது என்று 1989இல் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே கவுன்சிலர் "எமது வட்டாரத்துக்கு" என்று வாங்கித் தரும் பாடசாலை சட்டப்படி வட்டாரத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் தூரத்தை அளந்து இடம் கொடுக்கும்போது, பக்கத்து வீதிகளில் வீட்டு விலை ஏறுகிறது. வாடகைக்கு இருப்பவர் தள்ளித் தள்ளிப் போகிறார். எல்லைக் கோட்டைச் சட்டம் அழித்தாலும் வீட்டு விலை இன்னொரு கோட்டைக் கீறிவிடுகிறது. பாடசாலைக்காக உரத்துப் பேசும் கவுன்சிலர்கள் அருகிலுள்ள கவுன்சில் தொடர்மாடிப் பிள்ளைகளுக்கு அதில் இடம் கிடைக்கிறதா என்பதையும் அதே குரலில் கேட்டால் அவர்கள்மீது எமக்கு நம்பிக்கை பிறக்கும்.

இப்பொழுது எல்லாவற்றிலும் கடினமான பகுதிக்கு வருகிறோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 7 இலட்சத்து 30 ஆயிரம். 2023இல் பிறந்தவர்கள் ஏறத்தாழ 5 இலட்சத்து 91 ஆயிரம். 2012இல் பிறந்தவர்கள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் இடைநிலைப் பாடசாலைக்குள் நுழைந்தனர். அவர்களுக்குப் பின்னால் வரும் வரிசை குறுகிக்கொண்டே போகிறது. உள் இலண்டனில் வீட்டு வாடகை தாங்காமல் இளங் குடும்பங்கள் வெளியேறுவதும் இதனோடு சேர்ந்துகொண்டது. பாடசாலைக்கு அரசு கொடுக்கும் பணமோ பெரும்பாலும் தலைக்கணக்கு. முப்பது பிள்ளைகள் குறைந்தால் முப்பது பேருக்குரிய பணம் குறையும். ஆனால் கூரையும் வெப்பமூட்டியும் விஞ்ஞானகூடமும் குறைவதில்லை. முதலில் இசை ஆசிரியர் போவார். அடுத்து இரண்டாம் மொழி போகும். பிறகு, போக முடிந்த பெற்றார் போய்விடுவர்.

லாம்பெத் பகுதியில் இருந்த ஆச்பிஷப் ரெனிசன்ஸ் பாடசாலை 1685இல் தோன்றியது; அது 2023இல் மூடப்பட்டது. ஈஸ்ட் டலிச்சிலிருந்து அதிக தூரமில்லாத ரல்ஸ் ஹில்லில் இருந்த செயின்ட் மார்ட்டின் பெண்கள் பாடசாலை 1699இல் தோன்றியது; அது 2024இல் மூடப்பட்டது. இவற்றைப் புதிய பாடசாலைகள்தான் கொன்றன என்று பழி சுமத்த நாம் முற்படவில்லை. ஒரு பாடசாலை தேய்வதற்குக் காரணங்கள் பல. ஆயினும் ஓர் ஊரில் ரிபன் வெட்டிய பத்தாண்டுக்குள் சில மைல் தூரத்தில் இன்னொரு கதவு சாத்தப்படும்போது, இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்று கேட்கத்தான் வேண்டும். இரண்டு வட்டாரங்களுக்கு இரண்டு கவுன்சிலர்கள், இரண்டு சபைகள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு ஒருவருமில்லை.

ஆகவே கவுன்சிலர்கள் பாடசாலைக்காகப் போராடக் கூடாதா? போராட வேண்டும் என்பதே எமது எண்ணம். இடமில்லாமல் மூன்று பஸ் மாறிப் போகும் பிள்ளைக்கு "பத்தாண்டில் எண்ணிக்கை குறைந்துவிடும், பொறு" என்று சொல்வது கொடுமை. அந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயது ஒரு முறைதான் வரும். ஆனால் வட்டாரத்து மக்களால் தெரிவானவர் முழுச் சபைக்கும் கடமைப்பட்டவர். வட்டாரத்துக்காக வாதாடுபவராகவும், சபைக் கூட்டத்தில் நடுநிலையாளராகவும் ஒரே நாளில் இரு வேடம் அவருக்கு. முன்கூட்டியே தம் கருத்தைச் சொல்லியிருந்தாலும், மனத்தை மூடிக்கொள்ளாதவரை அவர் தீர்மானத்தில் பங்குபற்றலாம் என்று 2011ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் இடங்கொடுத்திருக்கிறது. மனம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை எந்தச் சட்டத்தரணியால் பார்க்க முடியும்? பிரசாரம் தொடங்குமுன் அயல் பாடசாலை அதிபரைப் போய்க் கண்டு பேசினாரா, அங்கே காலியாக இருக்கும் இடங்களின் தொகையைத் தம் பிரசுரத்தில் அச்சிட்டாரா என்று பார்க்கலாம். நாம் பார்க்கக் கூடியது அவ்வளவே.

அடுத்த முறை மண்டபத்தில் மனு வரும்போது அதனைக் கொண்டுவருபவரிடம் இந்த இரண்டையும் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. திருப்தியான பதில் கிடைத்தால், எமக்குப் பிள்ளைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒப்பமிடுவோம்.

அத்துடன், திறப்பதற்கு ஒப்பமிட்ட கை மூடும்போதும் எழுத வேண்டும். எமது தமிழ்ப் பாடசாலைகள் பல சனி, ஞாயிறுகளில் இயங்குவது இந்த அயல் பாடசாலைகளின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்துத்தான். பாடசாலைகள் சேர்க்கும் மாணவர் தொகையைக் குறைப்பது பற்றிய கருத்துக் கேட்பு வழக்கமாக ஒக்டோபர் முதல் சனவரி வரையான காலத்தில் ஆறு கிழமைகளுக்குக் குறையாமல் நடைபெறும். சபையின் கீழுள்ள ஒரு பாடசாலையை மூடுவதாயின் அறிவித்தல் உள்ளூர்ப் பத்திரிகையிலும் பாடசாலை வாயிலிலும் வெளியாகும். ஆட்சேபம் தெரிவிக்க நான்கு கிழமை அவகாசம் உண்டு. சனிக்கிழமை காலையில் பிள்ளையை இறக்கிவிடும்போது அந்த வாயிலில் ஒட்டியிருக்கும் கடதாசியை ஒருமுறை நின்று வாசித்துப் பாருங்கள்.