மேற்பரப்பும் மெய்யும்

திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் விண்கல வெப்பக் காப்புக்கு உருவாக்கிய ஓடுகளின் மூலப்பொருள் சிலிக்கா. அதன் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்க்கும். ஹெக்சாமெத்தில்டைசிலசேன் என்ற வேதிப்பொருளின் ஆவி பட்டால் அங்கே மெத்தில் தொகுதிகள் அமர்ந்து நீரை விலக்கும். உள்ளே எதுவும் மாறாததால் இது வெறும் மேல்தோற்றம் என்பார்கள். ஆனால் நீரை ஈர்த்த பழைய இயல்பும் மேற்பரப்பினுடையதே. ஒரு பொருள் மற்றதைச் சந்திக்கும் இடத்தில்தான் அதன் இயல்பு வெளிப்படுகிறது.

சமூகத்திலும் இதைக் காணலாம். 1888இல் கேரளத்தின் அருவிப்புறத்தில் துறவி நாராயண குரு நெய்யாற்றுக் கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். கல் மாறவில்லை, சாதியின் பேரால் கோயில் மறுக்கப்பட்டவர்களுக்கும் தெய்வத்துக்குமான உறவு மாறியது. ஆனால் கடும் வெப்பத்தில் ஓட்டின் மெத்தில் அடுக்கு அழிந்துவிடுமே எனலாம். உண்மைதான், அமெரிக்க விண்ணோடங்களின் ஓடுகளுக்கு ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நீர்விலக்கம் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பிக்க வேண்டியிருப்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. சமத்துவமும் பக்தியும் அவ்வாறே தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியவை.