சிறுமையும் பெருமையும்

உருவத்தில் பெரியதே உயர்ந்தது என்னும் மயக்கம் மாந்தரை நெடுங்காலமாகவே ஆட்டிப்படைத்து வருகின்றது. மாளிகை, தேர், விருந்து என எதனையும் அளவால் மதிப்பிடும் பழக்கம் எல்லா நாட்டினரிடத்தும் உண்டு. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்று சொல்லிப் பழகிய தமிழரும் இதற்கு விலக்கானவர் அல்லர். ஆயினும், தேவைக்கு மேல் பெரியதைக் கொள்வது அறத்திற்கு மாறான செயலா, அன்றித் தனிமனிதனின் விருப்பத்தைச் சார்ந்ததா என்னும் வினா எளிதில் தீர்வதன்று. அதனை உரைத்துப் பார்ப்பதற்கு, ஐரோப்பியச் சிறு மகிழுந்துகள் அமெரிக்காவில் கால்கொள்ள முயன்ற வரலாறு நல்லதோர் உரைகல்லாகும்.

சூழல் தந்த சிக்கனம்

ஐரோப்பியர் சிறிய மகிழுந்துகளைச் செய்ததற்கு அவர்தம் அறவுணர்வே காரணம் என்று கொள்ளுதல் தவறு. பழைய நகரங்களின் தெருக்கள் குறுகியவை. பிரான்சு, இத்தாலி போன்ற நாடுகளில் இயந்திரம் பெரிதாக ஆக வரியும் மிகுந்தது. பெட்ரோலுக்கும் கடுமையான வரி இருந்தது. 1945இல் போர் முடிந்தபோது மக்களின் கையிலும் பொருள் இல்லை. சிக்கனம் அங்கே வாழ்க்கையின் கட்டாயமாயிற்று.

அமெரிக்காவின் நிலையோ வேறு. தன் மண்ணிலேயே எண்ணெய் ஊற்றெடுக்க, நெடுஞ்சாலைகள் அகன்று நீள, ஊருக்கும் ஊருக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல்கள் கிடக்க, அங்கே வண்டி பெரிதாக வளர்ந்ததில் வியப்பில்லை. எனவே, சிறியதை ஓட்டிய ஐரோப்பியன் நல்லவனும் அல்லன். பெரியதை ஓட்டிய அமெரிக்கன் தீயவனும் அல்லன். வேறு வழியில்லாதவனின் சிக்கனத்தை அறம் என்று புகழ்வதற்கில்லை. இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போது எதனை எடுக்கின்றான் என்பதிலேதான் மனிதனின் குணம் வெளிப்படுகின்றது. சிறு மகிழுந்து கப்பலேறி அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கிய நாளில்தான் அத்தகைய தேர்வு அந்நாட்டு மக்கள் முன் வந்தது.

வென்றதும் தோற்றதும்

1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனையான வோக்ஸ்வேகன் பீட்டில் மகிழுந்துகள் இரண்டே இரண்டு. போர் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. இட்லரின் ஆட்சியில் உருவான வண்டி அது. போர்க்காலத்தில் அதன் தொழிற்சாலையில் கட்டாயத் தொழிலாளர் வதைபட்டதும் உண்டு. அத்தகைய பிறப்பை உடைய வண்டியை அமெரிக்கர் ஏற்பர் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. எனினும், 1968ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் பீட்டில்கள் அங்கே விற்பனையாயின. 1959இல் தொடங்கிய அதன் விளம்பரங்கள் சிறிய உருவத்தை மறைக்க முயலவில்லை. வெற்றுத்தாளின் மூலையில் சிறு புள்ளியென வண்டியைக் காட்டி, சிறிதாக எண்ணிப் பார்க்குமாறு வாங்குவோரை அழைத்தன. உள்ளதை உள்ளவாறு சொன்ன அந்த நேர்மைக்குப் பயன் கிட்டியது.

அதே காலத்தில் பிரான்சிலிருந்து வந்த ரெனோ டோஃபின் மகிழுந்தும் முதலில் பல்லாயிரக்கணக்கில் விற்றது. ஆனால், அதன் உடல் விரைவில் துருப்பிடித்தது. உதிரிப் பாகங்களுக்கும் பழுது பார்ப்போருக்கும் வாங்கியவர்கள் அலைய வேண்டியிருந்தது. சிக்கனத்தை விரும்பி வந்தவரைக் கைவிடும் வணிகன் தன் பெயரை மட்டுமன்றிச் சிக்கனத்தின் பெயரையும் சேர்த்தே கெடுக்கின்றான். சிறியது என்றால் மட்டமானது என்னும் எண்ணம் ஒருமுறை வேர்விட்டால் அதனைக் களைவது எளிதன்று.

விலை கற்பித்த ஒழுக்கம்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவிற்கு எண்ணெய் தர மறுத்தன. சில திங்களுக்குள் எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1975இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒரு நிறுவனம் விற்கும் மகிழுந்துகள் சராசரியாக ஒரு காலன் பெட்ரோலுக்கு 1978இல் 18 மைலும், 1985இல் 27.5 மைலும் ஓடவேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 1978இல் வோக்ஸ்வேகன் நிறுவனம் பென்சில்வேனியா மாநிலத்திலேயே தொழிற்சாலை அமைத்துத் தன் சிறிய மகிழுந்தைச் செய்யலாயிற்று.

ஆனால், 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. 1988இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. விலை சரிந்தது மட்டுமே அதற்குக் காரணமன்று. சப்பானியரின் போட்டியும் இருந்தது. ஆயினும், அச்சத்தால் வந்த ஒழுக்கம் அச்சம் நீங்கியதும் நீங்கிவிடும் என்பதற்கு அக்காலம் சான்றாக நிற்கின்றது. சட்டத்திலும் ஓட்டை இருந்தது. சரக்கேற்றும் சிறு வண்டிகளுக்கு விதி தளர்வாக இருந்தது. அவ்வகை வண்டிகளின் இறக்குமதிக்கு 1964 முதல் 25 விழுக்காட்டுத் தீர்வையும் அரணாக நின்றது. குடும்பங்களை ஏற்றிச் செல்லும் உயர்ந்த, கனத்த வண்டிகள் பலவும் அந்தத் தளர்ந்த விதியின் நிழலிலேயே வளர்ந்து பெருகின. சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது. அதன் நோக்கம் கைவிடப்பட்டது.

தாயின் வினா

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, சிறியதை வாங்காதவன் தன்னலக்காரன் என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் சிக்கல் முளைக்கின்றது.

2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதிக் கழகம் மூன்று சிறு மகிழுந்துகளை நடுத்தர மகிழுந்துகளோடு நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்மார்ட் மகிழுந்தும் அவற்றுள் ஒன்று. தடுப்பின்மீது தனித்து மோதிய சோதனையில் நன்கு தேறியிருந்த அம்மூன்றுமே, தம்மினும் கனத்த வண்டியோடு மோதியபோது தேறவில்லை. பொறியியல் திறனால் எவ்வளவோ செய்யலாம். எடையின் வேறுபாட்டை முழுவதும் வெல்ல முடியாது.

தன் குழந்தையைப் பின்னிருக்கையில் அமர்த்தி நாள்தோறும் நெடுஞ்சாலையில் செல்லும் ஒரு தாய், “உலகின் எண்ணெயைக் காப்பதற்காக என் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கவேண்டுமா?” என்று கேட்டால், அவளைப் பழிக்கும் துணிவு எவருக்கு உண்டு?

அவளைப் பழித்தல் தகாது. எனினும், அவள் வாங்கும் பெரிய வண்டி, எதிரே சிறிய வண்டியில் வரும் மற்றொரு தாய்க்குக் கூற்றாகின்றது. அவளும் அஞ்சிப் பெரியதை வாங்குகின்றாள். தேரோட்டம் காணும் கூட்டத்தில் முன்னிருப்பவன் எக்கி நின்றால் பின்னிருப்பவர் அனைவரும் எக்கி நிற்க வேண்டியதாகின்றது. முடிவில் கால் வலியைத் தவிர எவருக்கும் கூடுதலாக எதுவும் தெரிவதில்லை. தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவர் செயலும் நியாயமானதே. ஒருங்கே நோக்கின் அது பொதுக்கேடு. இத்தகைய கேட்டைத் தனிமனிதரின் நற்குணத்தால் மட்டும் தீர்த்துவிட முடியாது. அனைவரையும் ஒருசேர அமரச் செய்யும் பொதுவிதியே அதற்கு மருந்து.

பொய்யான சிக்கனம்

விதி இருந்தாலும் வாய்மை இல்லையேல் பயனில்லை. குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு ஓடும், காற்றையும் கெடுக்காது என்று சொல்லி வோக்ஸ்வேகன் நிறுவனம் டீசல் மகிழுந்துகளை அமெரிக்காவில் விற்றது. சூழல் நலம் கருதி அவற்றை வாங்கியோர் பலர். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வண்டிகளைச் சாலையில் ஓட்டி அளந்தபோது ஐயம் எழுந்தது. 2015 செப்டம்பரில் உண்மை வெளியாயிற்று. சோதனைக் கூடத்தில் இருப்பதை உணர்ந்து அப்போது மட்டும் நச்சுப்புகையை அடக்கும் கணினி நிரல் அவற்றில் பொருத்தப்பட்டிருந்தது. சாலையில் அவை கக்கிய நைட்ரஜன் ஆக்சைடு விதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை இருந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 5 இலட்சம், உலக அளவில் சுமார் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகள் இவ்வாறு விற்கப்பட்டிருந்தன. 2017இல் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

தன் உருவத்தை மறைக்காமல் நம்பிக்கையை ஈட்டிய அதே பெயர், தன் புகையை மறைத்து அந்நம்பிக்கையை இழந்தது. இங்கே களவு போனது பணம் மட்டுமன்று. நன்மை செய்ய விரும்பிய மனங்களின் நம்பிக்கையே களவு போயிற்று. அடுத்தமுறை ஒருவன் உண்மையாகவே நல்லதொரு வண்டியைக் கொண்டுவந்தாலும் அம்மனங்கள் ஐயுறும். எரிபொருளைச் சேமித்தல் நன்றே. ஆயினும், வாய்மையை விலையாகக் கொடுத்துச் சேமிக்கும் சிக்கனம் சிக்கனமாகாது.

முடிவாக

2008இல் அமெரிக்கா சென்ற ஸ்மார்ட் மகிழுந்து 2019இல் விடைபெற்றது. 2011இல் மீண்டும் அங்கு நுழைந்த பியட் 500 மகிழுந்தின் பெட்ரோல் வகையும் 2019இல் நின்றது. 2024இல் அது மின்சார வண்டியாகத் திரும்பியது. மக்கள் விரும்பவில்லை, கதை முடிந்தது என்பர் சிலர். தன் பணத்தில் தான் வாங்கி, தன் செலவில் தான் ஓட்டுபவனைத் தட்டிக் கேட்க எவருக்கு உரிமை என்றும் அவர் வினவுவர். அவன் தரும் விலையில் எல்லாம் அடங்கியிருந்தால் அவ்வாதம் செல்லும். ஆனால், அவன் விடும் புகையை மூச்சில் வாங்குபவனும், அவன் வண்டியில் அடிபடுபவனும், நாளை பிறக்கவிருக்கும் குழந்தையும் அவ்விலையில் பங்கு பெறுவதில்லை. பெட்ரோலுக்கு அமெரிக்க நடுவண் அரசு விதிக்கும் வரி 1993 முதல் ஒரு காலனுக்கு 18.4 காசாகவே நிற்கின்றது என்பதையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதற்காகப் பெரியது அனைத்தும் பாவம் என்று கூறுதல் பொருந்தாது. மூட்டை சுமக்கும் உழவனுக்கும், பலரைப் பேணும் குடும்பத்தானுக்கும் பெரிய வண்டி தேவையே. தனியாளாய் அலுவலகம் சென்று திரும்புபவனுக்கு அதே வண்டி மிகை. அளவை முடிவு செய்யவேண்டியது தேவையே அன்றி அச்சமும் அன்று; பகட்டும் அன்று. அவ்வாறு தேவையறிந்து வாழ விரும்புபவனுக்கு உலகம் செய்யத்தக்க உதவிகள் இரண்டு. விற்பவன் அவனிடம் உண்மையைச் சொல்லவேண்டும். சிறியதைத் தேர்ந்த காரணத்திற்காக அவன் சாலையில் உயிரிழக்காதவாறு சட்டம் காக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லாத நாட்டில் சிக்கனத்தைப் போதிப்பது, நிராயுதபாணியைப் போர்க்களத்திற்கு அனுப்பிவிட்டு வீரத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவதற்கு ஒப்பாகும்.