சோர்ந்த மனத்தைத் தாங்குதலும் கைங்கர்யமே

உடலுக்கு ஜ்வரம் கண்டால் இல்லத்திலுள்ளோர் யாவரும் பரபரப்படைகின்றனர். அடுப்பில் கஷாயம் கொதிக்கிறது. நெற்றியில் பற்று இடப்படுகிறது. டாக்டரை அழைத்துவர ஆள் ஓடுகிறது. ஜ்வரத்தால் துவண்டு கிடப்பவனை நோக்கி, "உனக்குப் பக்தி போதாது, அதனால்தான் உடம்பு காய்கிறது" என்று கூறுவார் எவருமிலர். ஆனால் அதே இல்லத்தில் ஒருவருடைய மனம் நோயுற்றுச் சோர்ந்து விழுமாயின் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. பரிவு இருந்த இடத்தில் உபதேசம் வந்து அமர்கிறது. உபதேசம் பலிக்காதபோது கோபம் வருகிறது. கோபமும் பலிக்காதபோது, வெளியில் தெரிந்தால் குடும்பத்தின் மானம் போய்விடுமே என்ற அச்சம் வந்து வாயிற்கதவைச் சாத்திவிடுகிறது. இது தர்மமா என்பது பாகவதர்கள் சிந்திக்கற்பாலது.

இலுப்பை மரத்தின் பெயரைத் தாங்கிய இலுப்பூரிலும், அதனைச் சூழ்ந்த அன்னவாசல், விராலிமலை, குடுமியான்மலை முதலிய ஊர்களிலும் இத்தகைய இல்லங்கள் இல்லாமற் போகவில்லை. மார்கழி விடியலில் திருப்பாவை கோஷ்டிக்கு முதல் ஆளாக வந்து நின்றவர், இப்பொழுது வெயில் முற்றத்தில் ஏறிய பின்னும் பாயை விட்டு எழுவதில்லை. கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப் போகிறது. பிள்ளை பெற்று மூன்று மாதமே ஆன பெண் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள். காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. துணைவியை இழந்த முதியவர், "இனி எதற்காக இருக்க வேண்டும்" என்று சுவரைப் பார்த்துப் பேசுகிறார். பரீட்சையில் தவறிய மாணவன் எவரிடமும் பேசாமலேயே ஒரு மாதத்தைக் கழித்துவிடுகிறான். இவர்களைச் சுற்றி நிற்கும் உறவினர் கெட்டவர்களல்லர். என்ன செய்வது என்று அறியாதவர்கள், அவ்வளவே.

துக்கம் என்பது மனித வாழ்வில் இயல்பு. நோய் என்பது வேறு. பெரும்பாலான நேரமும் நீங்காத மனவருத்தம், முன்பு இன்பம் தந்தவற்றில் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், காரணமற்ற களைப்பு, தான் எதற்கும் பயனற்றவன் என்னும் எண்ணம், மரணத்தைப் பற்றிய நினைவு ஆகியவற்றிற் பல ஒன்றுசேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, அன்றாடக் கடமைகளைச் செய்யவொட்டாமல் தடுக்குமாயின், அதனை மனச்சோர்வு நோய் என மருத்துவர்கள் கொள்கின்றனர். 2015-16ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, பாரத நாட்டில் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகின்றார் என்றும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் உரிய சிகிச்சை பெறுவதில்லை என்றும் கண்டது. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டில் நேரும் அபூர்வமன்று.

இங்கே முதலாவதாக ஒரு சங்கை எழுகின்றது. சரணம் புகுந்தவனை நோக்கி வருந்தற்க என்று எம்பெருமானே கீதையின் முடிவில் அருளிச் செய்திருக்க, ஒருவன் மேலும் வருந்துவானாயின் அது விசுவாசக் குறைவு ஆகாதோ?

இதற்கு ஸமாதானம் கூறுமுன் கீதை எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும். முதல் அத்தியாயத்தின் பெயரே அர்ஜுன விஷாத யோகம். ஞானத்தையும் பக்தியையும் போல விஷாதத்திற்கும் யோகம் என்ற பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. வில்வித்தையில் நிகரற்ற வீரனுக்கு வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, தோல் எரிகிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, நிற்கவும் முடியாமல் மனம் சுழல்கிறது. எம்பெருமான் முதலில் அவனைக் கடிந்து, எழுந்திரு என்றுதான் கூறுகிறான். பேசியவன் ஸாக்ஷாத் பகவான். கேட்டவன் அவனுடைய உயிர்த் தோழன். அப்படியிருந்தும் அந்தக் கடிந்துரையால் அர்ஜுனன் எழவில்லை. தன் தளர்ச்சியை மேலும் எடுத்துரைத்துவிட்டு, போர் புரியேன் என்று கூறி மௌனமாகிவிடுகிறான். அதன் பின்னர்தான் இரு சேனைகளுக்கும் நடுவில், முறுவல் பூத்த முகத்தோடு, பகவான் நிதானமாகப் பேசத் தொடங்குகிறான். அர்ஜுனன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அவன் கேட்ட ஒவ்வொன்றுக்கும் விடை கிடைக்கிறது. இறுதியிலும் கட்டளையிடாமல், ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்று விட்டுவிடுகிறான். பகவானுடைய கடிந்துரையே உடனடியாகப் பலிக்காத இடத்தில், சிற்றப்பாவின் கடிந்துரையும் மைத்துனரின் ஏளனமும் பலிக்கும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

வருந்தற்க என்ற திருவாக்கும் அத்தகையதே. பாவங்களிலிருந்து விடுவிக்கும் பாரத்தைத் தானே ஏற்றுக்கொண்ட பின்னர் எம்பெருமான் கூறிய அபயம் அது. நோயுற்றவன் தன் முயற்சியால் மகிழ்ச்சியை வருவித்துக் காட்ட வேண்டும் என்ற விதியன்று. அபயம் தருவதற்காகப் பிறந்த சொல்லை எடுத்துத் துன்புறுவோனைக் குற்றம் சாட்டுவது, விளக்கை எடுத்து வீட்டைக் கொளுத்துவது போன்றதாகும்.

மேலும் ஒன்று நோக்கத்தக்கது. வராஹ மூர்த்தி பூமிப்பிராட்டிக்கு அருளிய சரம வாக்கியத்தில், மனம் நலமாகவும் தாதுக்கள் ஸமநிலையிலும் உடல் உறுதியாகவும் இருக்கும் காலத்தில் ஒருவன் தன்னை நினைத்தால் போதும் என்றும், கட்டை போலவும் கல்லைப் போலவும் அவன் கிடக்கும் அந்திம காலத்தில் தானே அவனை நினைப்பதாகவும் எம்பெருமான் தெரிவிக்கின்றான். பகவத் ஸ்மரணத்திற்கு மனநலமும் தாது ஸாம்யமும் வேண்டும் என்பது இங்கேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அந்திம காலத்தைக் குறித்த வாக்கியமே ஆயினும், அதில் வெளியாகும் திருவுள்ளம் மற்றைக் காலத்திற்கு மாறிவிடுவதன்று. ஆதலால், மனம் நோயுற்றதனால் இன்று கைகூப்பவும் இயலாதவன் எம்பெருமானால் கைவிடப்பட்டவன் அல்லன். "நீ ஸந்நிதிக்கு வருவதே இல்லை" என்று அவனைக் கடிந்துகொள்வதைவிட, "உனக்காகவும் சேர்த்துச் சேவித்து வந்தேன்" என்று கூறித் தீர்த்தத்தை அவன் கையில் விடுவதே உசிதமாகும்.

இரண்டாவது சங்கை: இது பூர்வ கர்மத்தின் பலனாயின், அனுபவித்துத்தானே தீர வேண்டும்? கர்மத்தை ஆராயும் அதிகாரம் மனிதர்க்குத் தரப்படவில்லை. ஒருவன் கிணற்றில் விழுந்தால் அது எந்த ஜன்மத்து வினை என்று விசாரித்த பின்னர் எவரும் கயிறு இறக்குவதில்லை. விழுந்தது அவனுடைய கர்மமாகவே இருக்கட்டும். கயிறு இறக்குவது கரையில் நிற்பவனுடைய கர்மம்.

மூன்றாவது சங்கையே நடைமுறையில் பெரிது. கோயிலுக்கு அழைத்துச் செல்வதா, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதா? இதற்கு விடை தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இலுப்பூரிலிருந்து திருச்சி சென்று, அங்கிருந்து முசிறி மார்க்கமாகப் பேருந்தில் ஏறினால் காவிரிக் கரையில் குணசீலம் வரும். அங்கு எழுந்தருளியிருக்கும் பிரஸன்ன வேங்கடாசலபதியின் ஸந்நிதிக்கு, மனநலம் குன்றியோரை அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்கச் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. உச்சிக்காலத்திலும் இரவிலும் பூஜையின்போது அவர்கள் ஸந்நிதியில் அமர்ந்து முகத்தில் தீர்த்தம் தெளிக்கப் பெறுகின்றனர். அக்கோயிலைச் சார்ந்து அரசு அனுமதி பெற்ற மனநல மறுவாழ்வு இல்லமும் ஏற்பட்டது. தீர்த்தமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

கோயில்வாசம் நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதை விஞ்ஞான முறையிலும் ஆராய்ந்துள்ளனர். தமிழகத்திலுள்ள முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவர்களிற் பெரும்பாலோர் மனச்சிதைவு போன்ற கடுமையான நோயுடையவர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய நூற்றுக்கு இருபது பங்கு குறைந்திருந்தது. அங்கே விசேஷ மந்திரப் பிரயோகம் ஏதும் இல்லை. வெருட்டாத, ஆதரவான சூழலில், எளிய பணிகளைச் செய்துகொண்டு, உறவினர் ஒருவர் உடனிருக்க அவர்கள் வாழ்ந்தனர். சிறிய ஆய்வுதான், அதனைக் கொண்டு மருந்தே வேண்டா என்று முடிவு கட்டலாகாது. ஆயினும் பகைமையற்ற ஓர் இடமும், அருகில் ஒரு மனிதரும், நாளுக்கு ஓர் ஒழுங்கும் இருத்தல் எவ்வளவு வலிமை வாய்ந்தது என்பதனை அது காட்டுகின்றது.

இதற்கு நேர் மாறான காட்சியையும் தமிழகம் கண்டிருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கூரையிட்ட ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. இரும்புச் சங்கிலி கண்ணுக்குத் தெரிகிறது. "கல்யாணமாக வேண்டிய பெண் இருக்கும் வீடு, வெளியில் மூச்சு விடாதே" என்னும் சங்கிலி கண்ணுக்குத் தெரிவதில்லை. தீப்பற்றிய வேளையில் இரண்டும் ஒன்றே.

ஆகவே உறவினர் செய்யற்பாலது யாது? ஸ்ரீமத் ராமாயணத்தில் இதற்கு இரண்டு உதாரண புருஷர்கள் உள்ளனர்.

ஒருவர் இளைய பெருமாள். பிராட்டியைப் பிரிந்த பெருமாள் மரங்களை வினவித் திரிந்தார். உலகங்களை அழித்துவிடுவேன் என்று சீறினார். பிரஸ்ரவண மலையில் மழைக்காலம் முழுவதும் இரவில் உறக்கமின்றி வருந்தினார். இளைய பெருமாள் அவரை விட்டு அகலவில்லை. அழுகின்ற வேளையில் அழாதே என்று வாயை மூடவில்லை. சீறியபோது கைகூப்பி நின்று இதமாகத் தடுத்தார். மற்ற நேரங்களில் பழம் பறித்து வந்தார். சோர்வுற்றவருக்கு வேண்டுவது பெரும்பாலும் இதுவே. "குளித்துவிட்டு வா, ரசம் சாதம் வைத்திருக்கிறேன்" என்பதும், "தெருக்கோடி வரை நடந்து வருவோம், பேச வேண்டாம்" என்பதும் எளிய சொற்கள். ஆனால் அவை ஆயிரம் அறிவுரைகளுக்கு மேலானவை.

மற்றவர் திருவடி. அசோகவனத்தில் பிராட்டி உயிரை விட்டுவிடத் துணிந்த தருணம் அது. கிளையில் மறைந்திருந்த அனுமன் உடனே குதித்துவிடவில்லை. எந்த மொழியில், எவ்வாறு பேசினால் பிராட்டி அஞ்சமாட்டாள் என்று ஆலோசித்தான். பின்னர் மெல்லிய குரலில், அவளுக்கு உகந்த ராமகதையையே கூறத் தொடங்கினான். உயிரை வெறுத்தவரை அணுகுமுறை இது. ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் "அபசகுனமாகப் பேசாதே" என்று அடக்கிவிடுதல் தவறு. "இறந்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மாறாக, தனியாகச் சுமந்த பாரம் இறங்குகிறது. ஆம் என்று விடை வருமாயின் அவரைத் தனியே விடலாகாது. வீட்டிலுள்ள பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் முதலியவற்றை அப்புறப்படுத்தி அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனவுளைச்சலில் இருந்தவர் என்றே மேற்கூறிய சட்டம் கருதுகிறது. போலீசுக்கு அஞ்சி மறைப்பதற்கு இடமில்லை.

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இலுப்பூருக்கு அணித்தே உள்ளது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற அரசின் மனநலத் தொலைபேசி எண் 14416. இலவசமாக, தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டுமன்றி அவரைக் கவனிப்பவரும் பேசலாம். மருந்து தொடங்கினால் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகலாம். இரண்டாம் நாளே குணமில்லை என்று நிறுத்துவதும், சற்றுத் தெளிந்தவுடன் மருத்துவரைக் கேளாமல் விட்டுவிடுவதும் கூடாது. தைராய்டுக் குறைவு போன்ற உடற்கோளாறுகளும் இதே போன்ற சோர்வைத் தருமாதலால், பரிசோதனை இன்றியமையாதது.

இறுதியாகத் தாங்குபவரைப் பற்றியும் ஒரு சொல். பதினான்கு ஆண்டுகள் இளைய பெருமாள் கண்துயிலாதிருந்தார் என்று பெரியோர் கூறுவர். அது திருவனந்தாழ்வானின் அவதாரத்திற்கே இயலும். இல்லத்தில் தாயோ மனைவியோ ஒருவரே இரவும் பகலும் சுமப்பாராயின், சில மாதங்களில் நோயாளிகள் இருவராகிவிடுவர். அண்ணன் ஒரு வாரம், அத்தை ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொள்ள வேண்டும். உத்ஸவத்தில் எம்பெருமானை எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதம் தாங்குவோர் தோள் மாற்றிக்கொள்வதில்லையா? தோள் மாற்றுவதனால் கைங்கர்யம் குறைவதில்லை; அதனால்தான் எம்பெருமான் நிலை சேர்கிறான். பொறுமை இழந்து ஒரு நாள் கடுஞ்சொல் கூறிவிட்டவரும் தம்மைத் தாமே வெறுத்துக்கொள்ளல் வேண்டா. மறுநாள் காலையில் மீண்டும் அந்தப் பாயின் அருகே சென்று அமர்ந்தால் போதும்.

ஸந்நிதியில் இரவு வேளையில் திருவிளக்கின் சுடர் மங்கினால், அர்ச்சகர் சுடரைக் கோபிப்பதில்லை. எண்ணெய் உள்ளதா என்று பார்க்கிறார், திரியைத் தூண்டுகிறார், காற்று அடிக்கும் பக்கம் கையை அணைத்து நிற்கிறார். உடன்பிறந்தாரின் மனம் மங்கும்போது செய்யத்தக்கதும் அதுவே. மருந்து எண்ணெய், அன்பான சொல் தூண்டுகோல், ஊராரின் வம்புப் பேச்சுக்கு எதிரே அணைத்து நிற்கும் கை உறவினருடையது. சுடரை ஒளிரச் செய்பவன் எம்பெருமான். அவன் திருவருளால் எல்லா இல்லங்களிலும் விளக்குகள் நின்றெரிவனவாக.

சுபம்.