இன்குரல் இல்லார் இசை பயிலலாமோ?

“எமக்குக் குரல் இல்லை, பாட்டு வாராது” என்று சொல்வார் நம்மவருட் பலர். அவர் தாமே ஆராய்ந்து கண்டு அங்ஙனம் சொல்வாரல்லர். இளமையிலே பிறர் ஒருவர் சொல்லிய சொல்லைத் தம் இயல்பென நம்பி, அந்நம்பிக்கையோடே முதுமை எய்தினோராவர். விழாக்காலம் அணுகும்போது பாடசாலைகளிலே நிகழ்வதனை நாம் அறிவோம். இன்குரலுடைய பிள்ளைகள் ஐவர் அறுவரைத் தெரிந்து முன்னே நிறுத்தி, ஏனையோரை வாய் மாத்திரம் அசைக்கும்படி சொல்வாருமுளர். பாட்டு இனிதாகவே முடியும். ஆயின், பாடாத பிள்ளையைப் பாடுவான்போல நடிக்கப் பழக்குதல் அறமாகுமோ? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

குரலாவது யாது? நுரையீரலினின்றும் எழும் காற்று மிடற்றிலுள்ள இரு மெல்லிய மடிப்புக்களை அதிரச் செய்ய, அவ்வதிர்வு தொண்டையிலும் வாயிலும் மூக்கிலும் உருப்பெற்று ஒலியாய் வெளிப்படுகின்றது. பேசுங்கால் அம்மடிப்புக்கள் ஆடவர்க்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 100 முதல் 130 முறையும், மகளிர்க்கு ஏறக்குறைய 200 முறையும் அதிரும். பாடுங்கால் இவை இயங்குமாற்றைக் கண்ணாடி கொண்டு தம் மிடற்றினுள்ளே கண்டு, 1855-ஆம் ஆண்டிலே இலண்டன் றோயல் சங்கத்துக்கு அறிவித்தவர் மனுவேல் கார்சியா என்பவர். அவர் வைத்தியரல்லர், இசையாசிரியர் என்பது கருதத்தக்கது. மடிப்பின் நீளமும் மிடற்றின் வடிவும் பிறப்பிலே அமைந்தன. மூச்சை அளந்து விடும் திறமும், சுருதியோடு ஒன்றி நிற்கும் செவியும், எழுத்தைத் திருத்தமாக ஒலிக்கும் நாவும் பயிற்சியால் வருவன. ஆகவே குரலில் ஒரு கூறு கொடை. மறு கூறு முயற்சி. சுருதி பேதத்தை அறியவே மாட்டாத செவியுடையார் உளரேனும் அவர் மிகச் சிலரே. குரல் இல்லை எனப்பட்டாருட் பெரும்பாலார் பயிற்றப்படாதவரேயன்றிப் பயிற்றவியலாதவரல்லர்.

இக்கருத்து நம் முன்னோர்க்குப் புதியதன்று. இராசராச சோழர் தஞ்சைப் பெருங்கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்கு 48 பிடாரரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் நியமித்தனர் என அக்கோயிற் கல்வெட்டுக் கூறும். அவருள் ஒருவர் இறந்தாலும் வேற்றூர் சென்றாலும் அவர்க்கு அணுக்க உறவினர் அப்பணியை ஏற்கலாம். உறவினர் தகுதியிலராயின் தகுதியுடைய பிறரைத் தெரிதல் வேண்டும் என்பதும் ஆண்டே விதிக்கப்பட்டுள்ளது. பாடுவார் குடியிற் பிறத்தல் மாத்திரம் அமையாது, பயின்றிருத்தலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். பிறப்பு ஒருவனைப் பாடகனாக்கப் போதாதெனின், அதுவே ஒருவனை ஊமையாக்கவும் போதாதன்றோ?

இனி, ஒருசாரார் தடை நிகழ்த்துவர்: “கேட்போர் செவிக்குத் துன்பஞ் செய்தல் பிழையன்றோ? சந்நிதியிலே பிழைபடப் பாடுதலினும் மௌனமாய் நிற்றல் நன்றன்றோ?” என்பது. இத்தடையிலே உண்மை ஒரு பாதியுண்டு. அவையிலே தனித்து நின்று பாடுவான் பிறர் செவியையும் காலத்தையும் கடனாகப் பெறுகின்றான். பயிலாது அவைபுகுதல் அக்கடனைத் தீராதொழிதலேயாம். ஒலிபெருக்கியின் துணையால் அக்குற்றம் பெருகுமேயன்றிக் குறையாது. ஆயின் அதனாற் பெறப்படுவது பயிலுக என்பதேயன்றி வாய் மூடுக என்பதன்று. பலர் கூடிப் பாடுமிடத்தோ, தனித்தோன் ஒருவன் குறை பிறர் குரலிலே தாங்கப்பட்டு, நாடோறும் சிறிது சிறிதாய்த் தேய்ந்தொழியும். நாம் இளமையிற் கல்வி பயின்ற மிஷன் பாடசாலையிலே, குரல் நல்லாரும் அல்லாரும் பாட்டுப் புத்தகத்தைக் கையிலேந்தி ஒருங்கே பாடக் கண்டோம். சமயக் கொள்கையிலே நாம் வேறாயினும், பாடற்கு எவரும் நாணாத அவ்வழக்கம் கொள்ளத்தக்கதே.

பயிற்சிதான் யாதெனின், முதலிலே கேட்டலேயாம். தம்புராவோ சுருதிப்பெட்டியோ ஒலிக்கச் சிறிதுபொழுது வாளாவிருந்து கேட்டு, பின் அதனோடு தன் ஒலியைச் சேர்த்தல் வேண்டும். வைகறையிலே மந்தர ஸ்தாயியில் அகார சாதகமும், சரளிவரிசையை மூன்று காலத்திற் பாடுதலும் பெரியோர் வகுத்த நெறி. ஆடவர் 1 கட்டையை அடுத்தும் மகளிர் 5 கட்டையை அடுத்தும் பாடுதல் பெரும்பான்மை. எனினும் அவரவர்க்கு இயைந்த சுருதி வேறு வேறாம். தம் சுருதிக்கு மாணாக்கனை இழுக்கும் ஆசிரியர் அவன் குரலைக் கெடுப்பர். 12 முதல் 15 வயதளவிலே ஆண்பிள்ளைகட்கு மகரக்கட்டு நேருங்கால் உச்சத்திலே பாடும்படி வருத்தலும் நகைத்தலும் ஆகா. அக்காலத்துப் பெற்ற நாணமே பலரை வாழ்நாள் முழுதும் வாய்திறவாதவராக்குகின்றது. கத்திப் பாடுதலும், சினிமாப் பாடகர் குரலைத் தன் மிடற்றிலே வலிந்து ஏற்றுதலும் விலக்கத்தக்கன. கம்மல் 3 வாரங்கடந்தும் தீராதாயின் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

சுருதி பிழைத்த குரலைத் திருத்திக் காட்டும் கணினிச் சாதனம் 1997-ஆம் ஆண்டு முதலாக வழங்குகின்றது. இனிய ஒலி ஒன்றே இசையின் பயனாயின், இனி எவரும் பயிலவேண்டுவதில்லை. அச்சாதனம் ஒலியைத் திருத்தும், பாடுவானைத் திருத்தாது. பிறர் ஒலியைக் கேட்டுத் தன் ஒலியை அதற்கிசையத் தாழ்த்தலும் உயர்த்தலும், பிழைத்தவிடத்து மீளத் தொடங்குதலும், மூச்சு முடியுமளவும் பொறுத்தலும் மிடற்றுக்கு மாத்திரம் உரிய குணங்களல்ல. அவற்றைப் பெறும் உரிமை இன்குரலார்க்கே உரியதென ஒதுக்குதல் அநீதியாம்.

ஆதலின், ஆசிரியர்காள், விழாவின் அழகின்பொருட்டு ஒரு பிள்ளையின் குரலை விலையாகக் கொடாதொழிக. வருகின்ற வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையிலே, பின்வரிசையில் உதடு மாத்திரம் அசைத்து நிற்கும் பிள்ளையைச் சுருதிப்பெட்டியின் அருகே அழைத்து, ஒரு சுவரத்தை அவனுக்கு இயைந்த சுருதியிலே பாடுவித்துப் பார்மின்.